பழைய சேலையில் பொந்த தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு ஆந்திர எல்லையில், பள்ளிப்பட்டுக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் ஒரே தெருவில் கலந்திருக்கும், பவர்லூம் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் கனமான விரிப்பைத் தெலுங்கில் பொந்த என்பார்கள், எங்கள் வீட்டிலும் அதே பேர்தான். அம்மா கையால் தைத்தார், நான் மிஷினிலும் கையிலும் தைக்கிறேன். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். தையலைவிட உட்காரும் இடத்தைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன். பாதியில் விட்டுவிட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இடுப்பு வலி, கண் வலி, இடம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள், தைக்கத் தெரியவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

குயில்ட் என்பது வெளிநாட்டுக் கலை இல்லையா?

இல்லை. மேல் துணி, நடுவில் கனத்துக்கு ஏதாவது, அடித் துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல், இவ்வளவுதான் குயில்ட். வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி, எங்கள் பக்கம் பொந்த. கட்டம் கட்டமாக வெட்டி அளவு பார்த்துத் தைத்து ஒட்டும் முறையை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், நல்ல முறைதான். ஆனால் குளிர் நாட்டுக்காரர்கள் நடுவில் வைக்கும் தடித்த பாலியஸ்டர் பஞ்சை அப்படியே இங்கே வைத்தால் மே மாதம் திருத்தணியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் யார் அதன் மேல் படுப்பது?

அப்படியானால் நடுவில் என்ன வைக்கலாம்?

நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலை. கனமும் வரும், வியர்வையும் உறிஞ்சும், துவைத்தாலும் இடம் மாறாது.

கணக்கு எளிது. சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 18 அடி. மூன்றாக வெட்டினால் ஆறடி நீளத்தில் மூன்று துண்டு, அகலம் 45 இஞ்ச் சுமார். ஒற்றைக் கட்டிலுக்கு இது சரியான அளவு. ஒரு சேலையில் மூன்று அடுக்கு, இரண்டு சேலையில் ஆறு அடுக்கு. மிஷினில் தைப்பதென்றால் நடுவில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம், கையால் தைப்பதென்றால் சேலை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்து நாலு, ஐந்து வரை போகலாம்.

இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். தலையணைக்கு அது அருமை, பொந்தைக்கு ஆகாது. ஒரு முறை துவைத்தாலே உருண்டை உருண்டையாகத் திரண்டு ஒரு மூலைக்குப் போய்விடும்.

என் அலமாரி முழுக்க தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணிதான். அதில் தைக்கலாமா?

தாராளமாக. மேல் துணிக்கு அதைவிட நல்லது கிடையாது. ஐந்து இஞ்ச் சதுரமாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் போக நாலரை இஞ்ச் நிற்கும். அகலத்தில் 10, நீளத்தில் 16 என்று வைத்தால் 45க்கு 72 இஞ்ச், மொத்தம் 160 சதுரம். 80 சென்டிமீட்டர் பிட் ஒன்று 35 இஞ்ச் அகலம் இருந்தால் 42 சதுரம் கிடைக்கும், நாலு பிட்டில் வேலை முடிந்தது.

ஆனால் எல்லாம் பருத்தி என்று நம்பிவிடாதீர்கள். ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, அடுப்படியில் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், காகிதம் எரிந்த வாசனை வரும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பு மணியாக உறையும், தொட்டால் கெட்டியாக இருக்கும் (ஆறிய பிறகு தொடுங்கள்). இரண்டும் கலந்த துணியானால் சாம்பலும் இருக்கும், நடுவில் மணியும் இருக்கும். பாலியஸ்டரைத் தூக்கிப் போட வேண்டாம், பை தைக்க எடுத்து வையுங்கள். பருத்தியோடு சேர்த்தால் ஒன்று சுருங்கும், இன்னொன்று சுருங்காது. இஸ்திரி போடும்போது பருத்திக்கு வேண்டிய சூட்டில் அது உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஜரிகையும் அப்படித்தான், இப்போது வரும் ஜரிகையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் இழை.

புதுத் துணியைத் துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டுமா?

ஆமாம். காடா துணியும் டூ பை டூ ரவிக்கைத் துணியும் முதல் நனைப்பில் சுருங்கும். அதைவிட முக்கியம் சாயம். எங்கள் பக்கம் தறியிலிருந்து நேராக வரும் அரக்குச் சிவப்பும் கருநீலமும் மூன்று நாலு தண்ணீர் வரைக்கும் விடும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், எங்கள் அத்தையும் சொன்னார். சாயமேற்றும்போது உப்பு உதவும், ஆனால் சாயமேறி வந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை அது பிடித்து வைக்காது. தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுவதுதான் வழி. அப்புறம் ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் இன்னும் அலச வேண்டும்.

இதை நான் ஒரு முறை விட்டுவிட்டேன். அண்ணன் மகளுக்கு வெள்ளையும் சிவப்புமாகக் கட்டம் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்து தைத்த பொந்த, முதல் துவைப்பில் வெள்ளைக் கட்டம் எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அதைத்தான் இன்றும் விரித்துப் படுக்கிறாள், ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும்.

ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்தவர்கள் கட்டிய மஞ்சள் துணியைச் சிலர் ஆசையாகச் சேர்த்துத் தைக்கக் கேட்பார்கள். மஞ்சளில் நனைத்த துணி என்றால் சோப்பு பட்டவுடன் சிவக்கும், பயப்பட வேண்டாம், நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். வெயிலில் மட்டும் வெளுத்துப் போகும். அதனால் அந்தத் துண்டை அடிப்பக்கம் வையுங்கள்.

கட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் மூலை எனக்கு மட்டும் விலகியே நிற்கிறது. ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. ஆசாரி கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். கால் இஞ்ச் தையல் என்றால் இரண்டு நூல். அதில் அரை நூல் கூடப் பிடித்தால் என்ன ஆகும்? இரண்டு துண்டிலும் அரை அரை போவதால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நூல் குறையும். பத்துக் கட்டத்துக்கு ஒன்பது இணைப்பு, ஒன்பது நூல், அதாவது ஒரு இஞ்சுக்கு மேல். ஒரு வரிசை குறைந்து அடுத்த வரிசை சரியாக இருந்தால் மூலை எப்படிச் சேரும்?

ஊசியிலிருந்து வலப்பக்கம் கால் இஞ்ச் அளந்து, மிஷின் தட்டின் மேல் நாலைந்து அடுக்கு செலோடேப் ஒட்டுங்கள். துணி விளிம்பு அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும், கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டியதில்லை. இரண்டு துண்டைத் தைத்துப் பிரித்து அளந்து, ஒன்பதரை இஞ்ச் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தையுங்கள்.

அப்புறம் இஸ்திரி. முதல் வரிசையின் தையல் விளிம்புகளை எல்லாம் இடப்பக்கம் மடித்து அழுத்துங்கள், இரண்டாவது வரிசையை வலப்பக்கம். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது எதிரும் புதிருமான அந்த மடிப்புகள் ஒன்றோடொன்று போய்ப் பொருந்தி உட்காரும், விரலால் தடவினாலே தெரியும். பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், சட்டைக்குத் தேய்ப்பது போல இழுத்துத் தேய்த்தால் சதுரம் கோணலாகிவிடும்.

தையல் இடத்துக்குத் தனி அறை வேண்டுமா?

எங்கள் பக்கம் வீட்டுக் கூடத்தையே தறி எடுத்துக்கொண்டிருக்கும், தனி அறைக்கு எங்கே போவது. ஜன்னல் ஓரம் நாலுக்கு ஆறடி கிடைத்தால் போதும். ஆனால் அந்த நாலுக்கு ஆறடியைத் தினமும் எடுத்து வைத்துக் கலைக்காமல் நிரந்தரமாக விட வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பத்து நிமிஷம் கிடைக்கும்போது உட்கார்ந்து நாலு துண்டு ஒட்ட முடிவதும் முடியாமல் போவதும் இதில்தான் இருக்கிறது.

மிஷினில் ஊசி இருப்பது இடப்பக்கக் கோடியில். அதனால் ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கட்டும், கையின் நிழல் தையல் மேல் விழாது. இரவில் தைப்பவர்கள் மஞ்சள் பல்பை மாற்றி வெள்ளை எல்இடி போடுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும், காலையில் பார்த்தால் ஒரு வரிசை முழுக்க மாறிப் போயிருக்கும். மின்விசிறியைத் தலைக்கு மேல் வைக்காமல் பின்னாலிருந்து முதுகில் படும்படி ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் வெட்டிய துண்டுகள் பறக்காது.

இஸ்திரிக்குத் தனி மேசை தேவையில்லை, பழைய கம்பளியை நாலாக மடித்து ஒரு பலகையில் சுற்றிக் கட்டினால் போதும். ஆனால் அது உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டாமல் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் அழுத்திவிட்டு வருவது முதுகுக்கு நல்லது. இஸ்திரிப் பெட்டியையும் மிஷின் மோட்டாரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள். 1000 வாட் பெட்டி ஒன்றே நாலரை ஆம்பியர் இழுக்கும், பழைய ஒயர் தாங்காது. பெட்டிக்குச் சுவரிலேயே எர்த் உள்ள மூன்று முனை பிளக்.

அரை மணி தைத்தாலே கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது.

உட்கார்ந்து கையைத் துணி மேல் வையுங்கள். முழங்கை மடங்கி ஊசித் தட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும், தோள் மேலே தூக்கி நிற்கக் கூடாது. கால் மிஷின் மேசை முப்பது இஞ்ச் உயரம் வரும், வீட்டில் போடும் பிளாஸ்டிக் நாற்காலி அதற்குத் தாழ்வு. மேசையைத் தாழ்த்த முடியாது, அதனால் நாற்காலியை உயர்த்துங்கள். மடித்த பொந்த ஒன்றையே அடியில் போட்டால் இரண்டு மூன்று இஞ்ச் ஏறும். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டாம், முழங்கை இடிக்கும். ஊசிக்கு நேராக வயிறு இருக்கும்படி கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி உட்காருங்கள். பலரும் மிஷினின் நடுவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

வெட்டும் வேலையைத் தரையில் குனிந்து செய்யாதீர்கள், உட்கார்ந்தும் செய்யாதீர்கள். நின்று வெட்ட 34 முதல் 36 இஞ்ச் உயரம் வேண்டும், சமையல் மேடை ஏறக்குறைய அந்த உயரம்தான். மத்தியானம் சமையல் முடிந்து துடைத்த மேடையில்தான் நான் வெட்டுகிறேன்.

கையால் தைப்பவர்கள் தரையில் சுவரில் சாய்ந்து, இரண்டு முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்து, துணியை மடியில் ஏற்றி வையுங்கள். பொந்தையின் முழுக் கனமும் கையில் தொங்கினால் மணிக்கட்டு போய்விடும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஊசியில் நூல் கோர்க்கவே முடியவில்லை.

நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் வெள்ளெழுத்து வந்திருக்கும், கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி வாங்குங்கள், தள்ளிப்போட வேண்டாம். மற்றபடி நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, ஊசிக் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பாருங்கள். விடிகாலையில் பத்து ஊசி கோர்த்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கவலையில்லை.

மூன்று அடுக்கையும் சேர்த்தால் அடித் துணியில் சுருக்கம் விழுகிறது. என்ன செய்வது?

பொந்தையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள். அடித் துணியை மேல் துணியைவிட நாலு பக்கமும் இரண்டு மூன்று இஞ்ச் பெரிதாக வெட்டுங்கள். வழவழப்பான தரையில் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், முறுக்கி இழுக்காதீர்கள், இழுத்து ஒட்டியது டேப்பை எடுத்ததும் பழைய அளவுக்குச் சுருங்கி மேல் துணியையும் சேர்த்துச் சுருட்டிவிடும். டைல்ஸ் போட்ட தரையாக இருந்தால் அதன் கோடே அளவுகோல், துணி ஓரத்தைக் கோட்டின் மேல் வைத்தால் கோணல் உடனே தெரியும். சேலை அடுக்குகளை ஒவ்வொன்றாக வைத்து நடுவிலிருந்து வெளியே தடவி விடுங்கள், கடைசியில் மேல் துணி.

அப்புறம் நூலோட்டம், அதாவது அடுக்குகள் நகராமல் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் தையல். பெரிய பெரிய தையலாக, நடுவில் ஆரம்பித்து நாலு திசைக்கும் ஓட்டுங்கள், வரிசைக்கு வரிசை நாலு விரல் இடைவெளி. ஊக்கு குத்துவதானாலும் அதே நாலு விரல். தரையில் குனிய முடியாதவர்கள் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, டேப்புக்குப் பதில் துணி கிளிப் போடலாம்.

மிஷினில் தைக்கும்போதும் நடுவிலிருந்து வெளியே. மிஷின் தலைக்கு மேல், இடப்பக்கம், துணியைப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதிக அழுத்தத்தில் மேல் துணி பின்தங்கி அலையாகச் சேரும். மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்று ஒரு பாதம் கிடைக்கிறது. உங்கள் மிஷினின் பழைய பாதத்தைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

எத்தனாம் நம்பர் ஊசி?

துண்டு ஒட்ட 14, அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க 16, ரொம்பத் தடிமன் என்றால் 18. ஒட்டும்போது இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல், அடுக்குக்கு எட்டு. முழுசாக எட்டு மணி நேரம் தைத்த பிறகு ஊசியை மாற்றிவிடுங்கள். டக் டக் என்று சத்தம் கேட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

மிஷின் அடிக்கடி நூலை அறுக்கிறது.

முதலில் பாபின் கூட்டைக் கழற்றிப் பாருங்கள். தறி இருக்கும் வீடு என்றால் பஞ்சுத் தூசி ஃபெல்ட் துணி மாதிரி படிந்திருக்கும். சின்ன பிரஷால் துடைத்து, மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, நாளாக ஆகப் பிசினாகி உள்ளே எல்லாம் இறுகிவிடும். தைக்காத நேரத்தில் மிஷினுக்குப் பழைய தலையணை உறையை மாட்டி வையுங்கள்.

ஓரம் எப்படி முடிப்பது?

சேலைக் கரையை வைத்துத்தான், ஜரிகை இல்லாத கரையாகப் பார்த்து. இரண்டரை இஞ்ச் பட்டையாகச் சேலையின் நீளவாக்கில் வெட்டி, இரண்டாக மடித்து அழுத்தி, வெட்டு விளிம்பை மேல் பக்கம் வைத்துத் தைத்து, மடிப்பைப் பின்னால் திருப்பிக் கையால் முடியுங்கள். 45க்கு 72 அளவுக்கு சுற்றளவு 234 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் இன்னொரு 12. ஒரு சேலை நீளத்தில் பட்டை ஒன்று போதாது, இரண்டை ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தைச் சாய்வாகத் தைத்தால் ஒரே இடத்தில் தடிக்காது.

கைக்குழந்தைக்குத் தைத்துக் கொடுக்கலாமா?

தரையில் விரித்துப் படுக்கவைக்க, மடியில் போட்டுக்கொள்ள, கட்டாயம். தூங்கும்போது மேலே போர்த்தி விடாதீர்கள், ஒரு வயது வரைக்கும் முகத்தை மூடும் எதுவும் ஆபத்து. பட்டன், மணி, சம்க்கி எதுவும் வேண்டாம். கொடுப்பதற்கு முன் குண்டூசியை எண்ணுங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என் தையல் பெட்டியில் கிடக்கிறது, அதைப் பொந்த மேல் முழுக்க ஒரு தடவை ஓட்டாமல் நான் யார் கையிலும் கொடுப்பதில்லை.

துவைப்பதும் வைப்பதும் எப்படி?

முதல் துவைப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில். நனைந்த பொந்த ரொம்பக் கனக்கும், ஒரே கொடியில் தொங்கவிட்டால் தையல் அறும், இரண்டு கொடியில் பரப்பிப் போடுங்கள், அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கட்டும் (அங்கே மஞ்சளில் நனைத்த துணி வைத்திருந்தால் மட்டும் மேல் பக்கம்). நன்றாகக் காய்ந்த பிறகு வேப்பிலைச் சருகைத் துணியில் முடிந்து நடுவில் வைத்து மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டில் சேலை இற்றுப் போகும். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது ஒரு முறை, ஆடியில் ஒரு முறை பிரித்து உதறி வேறு மாதிரி மடித்து வைக்கிறேன்.

அம்மாவின் சேலை, வெட்ட மனசு வரவில்லை.

வெட்ட வேண்டாம். எங்கள் அம்மாவின் இங்க் நீலச் சேலையை நானும் வெட்டவில்லை. மூன்றாக மடித்தால் அதுவே ஆறடி, தலைப்பு மேலே தெரியும்படி அடுக்கி, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஓட்டுத் தையல் மட்டும் போட்டேன், அவர் போடுகிற மாதிரியே. கரை கரையாகவே இருக்கிறது, மடிப்பு மட்டும் தைத்திருக்கிறது. எப்போதாவது வேண்டுமென்றால் தையலைப் பிரித்தால் முழுச் சேலையும் திரும்பக் கிடைக்கும்.